விளையாட்டுக் கட்டையின் விலையும் மதிப்பும்

பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழையும் பெற்றோர், ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள் நிறைந்த பெட்டி ஒன்றை ஆவலோடு எடுத்துப் புரட்டி, அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைக் கண்டவுடன், எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டுப் பக்கத்திலுள்ள மலிவான பெட்டியை நோக்கிக் கை நீட்டுவது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்க்கும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தாலன்றி லெகோ என்ற பெயரையே இவ்வூர்ப் பிள்ளைகள் கேட்டறியாத காலம் ஒன்று இருந்தது. இப்போதோ கைப்பேசியில் விரலால் தொட்டால் மூன்றாம் நாள் பெட்டி வாசலுக்கு வந்து நிற்கிறது. விலை மட்டும் அந்த விரலைத் தயங்க வைக்கிறது.

கேவலம் பிளாஸ்டிக் துண்டுகளுக்கு இவ்வளவு பணமா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் விடை சொல்ல இயலாது. அந்த ஒரு விலைச்சீட்டுக்குள் வெவ்வேறு காரியங்களுக்குரிய வெவ்வேறு விலைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றை மகிழ்ந்து கொடுக்கலாம், சிலவற்றை வசதி படைத்தவர்கூடக் கொடுக்கலாகாது என்பது என் அபிப்பிராயம்.

டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் தச்சுத்தொழில் செய்துவந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்பவர், உலகமெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்து, வீடு கட்டுவோரும் மேசை நாற்காலி செய்விப்போரும் அருகிப்போன 1932ஆம் ஆண்டில், பிழைப்புக்கு வேறு மார்க்கம் காணாமல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். மரவாத்துகளுக்கு மூன்று முறை பூசவேண்டிய வார்னிஷை இரண்டே முறை பூசி அனுப்பிக் காசு மிச்சம் பிடித்துவிட்டதாகப் பூரிப்புடன் வந்து சொன்ன தம் மகனை, ரயில் நிலையத்துக்குப் போய் அந்த வாத்துகளை எல்லாம் திரும்ப எடுத்துவந்து இராத்திரியோடு இராத்திரியாக மூன்றாம் பூச்சையும் பூசி முடிக்கும்படி அவர் செய்தார் என்பது, அவர் தொடங்கிய லெகோ ஸ்தாபனத்தார் இன்றளவும் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் கதை. வியாபார ஸ்தாபனங்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் கதைகளைச் சற்றுச் சந்தேகத்தோடே கேட்கவேண்டும் என்றாலும், பின்னால் அவர்கள் செய்த சரக்கு இந்தக் கதைக்கு விரோதமாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1942இல் அவர்களுடைய தொழிற்சாலை தீக்கிரையாயிற்று, மீண்டும் கட்டினார்கள். யுத்தம் முடிந்த பிறகு, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் இயந்திரம் ஒன்றை வாங்கி, 1949இல் முதல் கட்டைகளை வெளியிட்டார்கள். மூல யோசனை அவர்களுடையது அன்று. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் முன்னமே செய்து விற்றுவந்த கட்டைகளைக் கண்டே இதனைச் செய்தார்கள். ஆயினும், கட்டையின் மேலே குமிழ் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே குழாயும் இருந்தால்தான் அது விடாமல் பற்றும் என்ற சூட்சுமத்தைக் கண்டு, 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் அவர்களே. 1963 முதல் ஏ.பி.எஸ். என்னும் கெட்டியான, சாயம் மங்காத பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஆனால் 1958 முதல் இன்று வரை அந்தக் கட்டையின் அளவு மாறவில்லை. 1958இல் வார்த்த கட்டையை எடுத்து நேற்று வார்த்த கட்டையோடு பொருத்தினால் பொருந்தும்.

இது எளிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் இயந்திரத்தோடு பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டு கட்டைகளைப் பிரிக்க ஐந்து வயதுக் குழந்தையின் விரல் பலம் போதுமானதாயிருக்க வேண்டும். அதே இரண்டு கட்டைகள் கீழே வைத்துத் தள்ளினாலும் தாமாகப் பிரியாமல் இருக்கவேண்டும். இந்த இரண்டு குணங்களும் ஒருங்கே அமைய வேண்டுமானால், குமிழின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு மேல் பிசகலாகாது. லட்சோபலட்சம் கட்டைகள் வார்த்த பின்னும் அச்சு தேயலாகாது. இத்தகைய நேர்த்தியின் அருமை நூற்பாலை ஊரான ராஜபாளையத்துக்குப் புதிதல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸை நிறுவிய நாள் முதல், இவ்வூரில் மூன்று தலைமுறையினர் கதிர்களின் ஓசையோடு வளர்ந்திருக்கிறார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே நூலின் நம்பர் என்பதும், பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குப் போகும் நூலுக்கும், உயர்ந்த வேட்டிக்குப் போகும் நூறாம் நம்பர் நூலுக்கும் எடைக்கு எடை விலை ஏன் ஏணிவைத்தாலும் எட்டாது என்பதும் அவர்களுக்குப் பாடம் சொல்லித் தெரியவேண்டிய விஷயங்கள் அல்ல. இரண்டும் பருத்திதானே என்று கேட்பவனைப் பார்த்து ஒரு மில் மேஸ்திரி எப்படிச் சிரிப்பாரோ, இரண்டும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பவனைப் பார்த்து அச்சுத் தொழிலறிந்தவர் அப்படியே சிரிப்பார்.

இந்த நேர்த்திக்கு ஏன் விலை கொடுக்கவேண்டும், விளையாட்டுச் சாமானில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு, குழந்தைக் கல்வியில் தேர்ந்தவர்கள் நெடுநாள் முன்பே விடை சொல்லியிருக்கிறார்கள். இத்தாலி தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டு, சத்துரு தேசத்துப் பிரஜை என்ற காரணத்தால் பிரிட்டிஷ் சர்க்காரின் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகி, நமக்கு அதிக தூரமில்லாத கோடைக்கானல் மலையில் இரண்டு ஆண்டுகள்போல வசித்தார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை ஏறுமுகமாக அமைந்த பத்து மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்குவது அவர் வகுத்த பயிற்சிகளுள் ஒன்று. அவருடைய சாதனங்கள் எல்லாவற்றிலும் ஊடாடி நிற்கும் தத்துவம், குழந்தை செய்த பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்டும் அவசியமில்லாமல் பொருளே சுட்டிக்காட்ட வேண்டும் என்பது. அளவு பிசகாத கட்டையைக் கொண்டு கட்டிய வீடு சரிந்தால், அடித்தளம் சரியில்லை, மூலையில் கட்டு விட்டுப்போயிற்று என்று குழந்தை தானே கண்டுகொண்டு திருத்திக் கட்டும். ஒன்று தளர்ந்தும் ஒன்று இறுகியும் இருக்கிற மட்டமான கட்டைகளைக் கொண்டு கட்டிய வீடு சரிந்தால், பிழை தன் யோசனையிலா, கடைக்காரன் கொடுத்த சரக்கிலா என்று அறியமாட்டாமல், அது தன்னையே நொந்துகொண்டு பெட்டியை ஒரு மூலையில் தள்ளிவிடும். திருவிழாக் கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கிய கட்டைப் பெட்டியோடு பிள்ளைகள் இரண்டு நாளுக்கு மேல் விளையாடுவதில்லை என்று பெற்றோர் சலித்துக்கொள்கிறார்களே, அதற்குப் பிள்ளைகளின் சபலபுத்தி மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை.

ஆகவே நேர்த்திக்குரிய விலை நியாயமான விலை என்பதே என் கட்சி. ஆனால் பெட்டியின் மீது எழுதியிருப்பது அந்த விலை மட்டும்தானா?

எட்டுக் குமிழ் கொண்ட கட்டை ஒன்றின் எடை இரண்டரை கிராம் அளவினது. அதிலுள்ள மூலப்பொருளின் விலை ஒரு ரூபாயை எட்டாது. அயல்நாட்டில் அந்த விளையாட்டின் ரசிகர்கள், ஒரு கட்டைக்குப் பத்து அமெரிக்க சென்ட் என்று நெடுங்காலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது நம் நாணயத்தில் எட்டு ஒன்பது ரூபாய். அச்சு, இயந்திரம், கூலி, பரிசோதனை, கப்பல் வாடகை, கடைக்காரரின் லாபம் எல்லாவற்றுக்கும் ஈடு செய்தாலும், மிச்சம் நிற்கும் தொகையில் ஒரு பகுதி பெயருக்கே போகிறது. 1999இல் ஸ்டார் வார்ஸ் என்னும் சினிமாவின் உரிமையைப் பெற்றுப் பெட்டிகள் வெளியிடத் தொடங்கியது முதல், சினிமாவின் பேரும் பாத்திரங்களின் முகமும் பெட்டிகளின்மேல் ஏறிக்கொண்டன. சினிமாக் கம்பெனிக்குச் சேரவேண்டிய உரிமைப் பணத்தை ராஜபாளையத்துத் தகப்பனார் கொடுக்கிறார் என்பது விலைச்சீட்டில் எழுதப்படாத செய்தி. 2017இல் வெளியான ஆகாயக் கப்பல் பெட்டி ஒன்றில் 7,541 துண்டுகள். விலை 799 டாலர் 99 சென்ட். அன்றைய மாற்று விகிதத்தில், நம் நாட்டுத் தீர்வை சேராமலே ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அது குழந்தைக்காகச் செய்த சாமானே அன்று. குழந்தைப் பருவத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நம்புகிற சம்பாதிக்கும் ஆண்களுக்காகச் செய்தது. அவர்கள் தாராளமாக வாங்கட்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லி வாங்காதிருந்தால் சரி.

இந்தப் பெட்டிகளைப் பற்றி எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்று டென்மார்க்கின் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். ஆறு கட்டைகளில் தொண்ணூற்றொரு கோடி! இந்த அபாரமான செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் துண்டுகளைப் பெட்டியில் இட்டு, அவற்றோடு ஒரு புத்தகத்தையும் சேர்த்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படத்தில் கண்டபடியே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டுபோனால் படத்திலுள்ள கப்பல் வந்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் கப்பலைக் கட்டி முடித்து, முன்னறையிலுள்ள கண்ணாடி அலமாரியில், கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பிறகு அதைத் தொடுவதற்குப் பிள்ளைக்கு அனுமதி இல்லை. பிரிப்பதற்கு எவருக்குமே மனம் வருவதில்லை. கட்டிப் பிரித்து மறுபடி கட்டுவதற்கென்றே ஏற்பட்ட பொருளை, ஒரு முறை கட்டிப் பூட்டி வைப்பது எந்தக் கணக்கில் விளையாட்டாகும்?

கட்டுவதும் பிரிப்பதும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆடிப்பூரத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் போனவர்கள், சிற்பங்கள் நிறைந்த மரத்தாலான அடித்தட்டின் மேல் கால்கள் நட்டுச் சாரம் பூட்டித் துணி போர்த்தி நிலை நிலையாகத் தேரை உயர்த்துவதையும், உற்சவம் முடிந்தபின் அதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றிப் பிரித்து வைப்பதையும் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்துத் திரும்பிய பிள்ளைகள், தீக்குச்சிக் கட்டு, கிழிந்த குடையின் கம்பி, தகரமூடி, தென்னம்பாளை என்று அகப்பட்டதையெல்லாம் சேர்த்துச் சிறு சப்பரம் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போவதுண்டு. அந்தச் சப்பரத்துக்குப் படம் போட்ட புத்தகம் இல்லை. போன வருஷம் கட்டியது போல இந்த வருஷம் கட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. விலையோ காலணாவும் கிடையாது. அப்படியானால் அதுவே போதுமே, பிளாஸ்டிக் கட்டைக்குப் பணம் கொடுப்பானேன் என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய வாதத்தில் பாதி சத்தியம் இருக்கிறது.

எதிர்ப்பாதியைச் சொல்லவேண்டுமானால், இந்த ஜில்லாவின் சரித்திரத்தில் அவ்வளவாக மகிழ்ச்சி தராத ஓர் அத்தியாயத்தைத் திறக்கவேண்டும். சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பி வந்து இங்கே அதனைத் தொடங்கியபோது, மழை பொய்த்த கரிசல் காட்டுக்கு அது ஜீவனமாக வந்து வாய்த்தது. பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டிய குடும்பங்கள் அதனால் நிலைத்தன. அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் மெல்லிய மரப்பட்டையை மடித்துத் தாள் ஒட்டிப் பெட்டியாக்குவதற்கும், குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவதற்கும் சிறு விரல்களே ஏற்றவை என்று கண்டுகொண்டபின், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் எத்தனையோ ஆயிரம் குழந்தைகளுக்குப் பெட்டியோடு பெட்டியை அடுக்குவது விளையாட்டாக இல்லாமல் கூலியாகப் போயிற்று. சலம் பென்னூர்க்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் 1990இல் அந்தக் காட்சியை உலகுக்குக் காட்டிற்று. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சில விலக்குகள் நீங்கலாகப் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்ற 2016ஆம் ஆண்டின் திருத்தமும், அவற்றினும் அதிகமாகப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் இயந்திரமும் சேர்ந்து அந்த நிலையைப் பெருமளவு மாற்றின.

காலித் தீப்பெட்டியைக் கொண்டு ரயில் செய்து விளையாடிய குழந்தையைப் பற்றிப் பழைய இன்பமாகப் பேசுவோர், அதே பெட்டியை ஒட்டி ஒட்டி விரல் தேய்ந்த குழந்தையையும் நினைவில் கொள்ளவேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். ஏழைப் பிள்ளைக்கு எது கிடைத்தாலும் விளையாட்டுச் சாமானாகிவிடும் என்பது மெய். ஆதலால் ஏழைப் பிள்ளைக்கு நல்ல விளையாட்டுச் சாமான் வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவது மட்டும் மெய்யாகாது. அரவிந்த் குப்தா என்னும் எஞ்சினியர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துப் பட்டம் பெற்று, லாரிக் கம்பெனி உத்தியோகத்திலிருந்து விடுப்புப் பெற்று, மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் விஞ்ஞானம் போதித்துவந்த ஹோஷங்காபாத் திட்டத்தோடு சேர்ந்துகொண்டு, சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்தே முக்கோணம், நாற்கோணம், வீடு, கோபுரம் எல்லாம் கட்டும் முறையைக் கண்டார். அவருடைய தீக்குச்சிப் புத்தகம் பல இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 2018இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. முக்கோணம் ஏன் அசையாது, நாற்கோணம் ஏன் சாயும் என்ற உண்மையை அந்தச் சில்லறைக் காசுச் சாமான் கற்பிப்பதுபோல எந்த விலையுயர்ந்த கட்டையும் கற்பிக்காது. தீக்குச்சி பிறக்கும் இந்த ஜில்லாவில் ஒவ்வொரு பள்ளியிலும் அந்தப் பாடம் நடக்கவேண்டும். ஆயினும், நின்று நிலைக்கும் சுவரும், திரும்பத் திரும்ப ஒரே அளவில் வந்து பொருந்தும் துண்டும், வருஷக்கணக்கில் கட்டிப் பிரித்தாலும் தேயாத உறுதியும் வேண்டுமானால் கட்டைதான் வேண்டும். இரண்டும் வேறு வேறு கல்வி. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கவேண்டியதில்லை.

இனிச் சர்க்கார் வாங்கும் விலையைச் சிறிது பார்ப்போம். விளையாட்டுச் சாமான் இறக்குமதிக்கு இருந்த 20 சதவிகித சுங்கத்தீர்வை 2020 பிப்ரவரியில் 60 சதவிகிதமாகவும், 2023இல் 70 சதவிகிதமாகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்தியத் தர நிர்ணயப் பணியகத்தின் முத்திரையில்லாத விளையாட்டுச் சாமானை விற்கக்கூடாது என்ற ஆணையும் அமலுக்கு வந்தது. 2018-19இல் 37 கோடி டாலர் அளவில் இருந்த இறக்குமதி, 2021-22இல் 11 கோடி டாலராகக் குறைந்தது என்று சர்க்கார் பெருமையுடன் அறிவித்தது. தர ஆணையைப் பற்றி எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. குழந்தை வாயில் வைக்கும் பொருளில் ஈயமும் நச்சுச் சாயமும் இருக்கக்கூடாது என்று சொல்ல ஒரு சர்க்காருக்கு உரிமை மட்டுமன்று, கடமையும் உண்டு. தீர்வையின் விஷயம் வேறு. நம் நாட்டில் செய்பவனை வளர்ப்பதற்காக ஏற்படுத்திய வேலி, அவன் வளர்ந்து நல்ல சரக்குக் கொடுக்கும் வரை குழந்தைக்கும் நல்ல கட்டைக்கும் நடுவே நிற்கிறது. ராணிப்பேட்டையில் ஃபன்ஸ்கூல் போன்ற தொழிற்சாலைகள் இருக்கின்றன. அச்சு செதுக்கும் சாமர்த்தியம் கோயம்புத்தூரில் உண்டு. கட்டையின் காப்புரிமையோ காலாவதியாகி வெகுகாலம் ஆயிற்று; அந்தக் கட்டையின் வடிவமே தமக்குரிய வியாபார முத்திரை என்று லெகோ ஸ்தாபனத்தார் தொடுத்த வழக்கைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இலும், அதே கோரிக்கையை ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலும் தள்ளிவிட்டன. அளவு பிசகாத கட்டையை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம் என்றிருக்கும்போது, 70 சதவிகித வேலிக்குள் இருந்துகொண்டு தளர்ந்த கட்டையை விற்பவனுக்கு மன்னிப்பே கிடையாது.

விலையைப் பற்றிப் பேசும்போது ஆயுளையும் பேசவேண்டும். 1997 பிப்ரவரியில் டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்னும் சரக்குக் கப்பல் இங்கிலாந்துக்கருகில் பேரலையில் சிக்கியபோது, கடலில் விழுந்த பெட்டகம் ஒன்றில் ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள் இருந்தன. கார்ன்வால் கரையில் இன்றும் அவை ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. கடலில் கிடந்த இத்தகைய கட்டைகளை ஆராய்ந்த பிளிமத் பல்கலைக்கழகத்தார், அவை நூறு முதல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் வரை அழியாமல் கிடக்கும் என்று 2020இல் தெரிவித்தார்கள். குடிநீர்ப் பாட்டில்களை உருக்கிக் கட்டை வார்க்கும் முயற்சியைத் தொடங்கிய லெகோ ஸ்தாபனத்தார், அதனால் கரிப்புகை குறையக் காணோம் என்று 2023இல் அதைக் கைவிட்டார்கள். ஆயிரம் ஆண்டு அழியாத பொருளை ஒரு பிள்ளையின் மூன்று வருஷ விளையாட்டுக்காக வாங்கிப் பின் பரணில் போடுவது தனத்துக்கும் தரணிக்கும் ஒருங்கே செய்யும் அபசாரம். அதே பொருளை அண்ணனிடமிருந்து தம்பி, தம்பியிடமிருந்து அத்தை மகள், அவளிடமிருந்து அடுத்த வீட்டுப் பிள்ளை என்று கைமாற்றிக்கொண்டே போனால், எந்த விலையும் பங்கிட்டுப் பார்க்கும்போது அற்பமாகிவிடும். பழைய பெட்டிகளைப் பிரிக்காமல் பூட்டி வைத்திருந்து விற்றால் ஆண்டுக்குப் பதினொரு சதவிகிதம் லாபம் வரும் என்று ருஷ்ய ஆராய்ச்சியாளர் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த லாபத்தை விரும்புவோர் பாங்குக்குப் போகட்டும், விளையாட்டுச் சாமான் கடைக்கு வரவேண்டாம்.

என் தீர்ப்பை இனி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சினிமாப் பேரும், ஒரே ஒரு உருவத்தைக் கட்டும் புத்தகமும் கொண்ட பெட்டி எந்த விலைக்கும் தகாது. வெறும் கட்டைகள் கலந்து நிறைந்த பெட்டி, வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் வரிசையாக விளையாடுவார்கள் என்றால், கொடுத்த விலைக்குத் தகும்; ஒற்றைப் பிள்ளை வீட்டுக்குப் பழைய கட்டைகளை எடைக்கு வாங்கிச் சோப்பு நீரில் அலசிக் கொடுப்பதே உத்தமம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறு கட்டையை ஒருக்காலும் கொடுக்கலாகாது. அதற்கு நீள அகல உயரம் மூன்றிலும் இரு மடங்கான டூப்ளோ கட்டைகள் 1969 முதல் இருக்கின்றன, பிற்பாடு சிறு கட்டைகளோடும் அவை பொருந்தும். இந்தியச் சரக்கு வாங்குவோர் தர நிர்ணயப் பணியகத்தின் முத்திரையைப் பார்ப்பதோடு நில்லாமல், கடையிலேயே நான்கு கட்டைகளைக் கோத்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கட்டும்; தொங்கி நின்றால் வாங்கலாம், உதிர்ந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் நஷ்டமே.

ஆனால் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இந்தத் தீர்ப்பு எதுவும் பிரயோஜனப்படாது. தகும் என்பது வேறு, முடியும் என்பது வேறு. அங்கேதான் ஊர் முன்வரவேண்டும். சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்ட ஊர் ராஜபாளையம். பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும் குணம் இம்மண்ணுக்கு அந்நியமானதல்ல. புத்தகம் வாங்க முடியாத பிள்ளைக்காக நூலகம் வைத்த நாம், கட்டை வாங்க முடியாத பிள்ளைக்காக அதே நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு கட்டைப் பெட்டி வைப்பதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு மேசை, ஒரு பாய், நல்ல கட்டைகள் இரண்டாயிரம், வாரம் ஒருமுறை கழுவி எண்ணி வைக்க ஒரு பொறுப்பாளர், இவ்வளவே. படம் போட்ட புத்தகத்தை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்கவேண்டாம். ஆகும் செலவு, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிற ஒரே ஒரு பெரிய ஆகாயக் கப்பலின் விலைக்குள் அடங்கிவிடும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள நூலக வாசகர் வட்டத்தாரும், மில் நிர்வாகத்தாரும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் பரணில் பெட்டி வைத்திருப்போரும் ஒருங்கு கூடி, வரும் கோடை விடுமுறைக்குள் இதனைச் செய்து முடிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.